அடிக்கடி வயிறு கெடுபவர்களுக்கு: திருகோணமலை வெக்கையில் சாப்பாட்டையும் வயிற்றையும் காக்கும் முறை

ஒரு தடவை சத்தியும் வயிற்றோட்டமும் வந்து போனால் மறந்துவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். எனக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. "உனக்கு வயிறு பலவீனம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கடைச் சாப்பாட்டை நிறுத்தினேன், உறைப்பைக் குறைத்தேன், பால் தேத்தண்ணியையும் விட்டேன். எதற்கும் நிற்கவில்லை. சமைத்து இறக்கியதற்கும் வாயில் வைப்பதற்கும் இடைப்பட்ட மணித்தியாலங்களில் சாப்பாடு எங்கே, எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நின்றது. அந்த வழியைப் படிப்படியாகத் தருகிறேன். கை கழுவுவது, பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் சலாது வெட்டாதது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விடயம். மலத்தில் இரத்தம், 39 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத சத்தி, சிறுநீர் நன்றாகக் குறைவது, தலைச்சுற்று: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். எழும்ப முடியாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் இன்னும் முன்னதாகவே போக வேண்டும்.

படி 1: மூன்று நாள் பின்னோக்கி எழுதுங்கள்

வயிறு கெட்டவுடன் கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றம் சொல்கிறோம். பல நேரம் அது பொருந்தாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்திலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி முந்திக்கொண்டு வந்தால், சாப்பாட்டிலேயே ஊறியிருந்த நச்சுப்பொருளைச் சந்தேகிக்கலாம். வைத்திருந்த சோறு, கை பட்டு வெளியில் கிடந்த இறைச்சி, கிறீம் கேக் போன்றவற்றில் அது வரும். சல்மனெல்லா என்ற கிருமி என்றால் ஆறு மணித்தியாலம் முதல் ஆறு நாள் வரை ஆகலாம். சரியாக வேகாத கோழியில் வரும் கம்பைலோபக்டர் என்ற கிருமி பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் காட்டும். அதனால் ஒரு கொப்பியில் சாப்பிட்டது, சமைத்த நேரம், சாப்பிட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். போன் செயலிகள் வேண்டாம், குசினிச் சுவரில் கட்டித் தொங்கவிட்ட கொப்பியே மேல். வீட்டில் யார் சமைத்தாலும் அதில் எழுதுவார்கள்.

படி 2: ஆறவைப்பது

நான் நீண்ட காலம் மாட்டிக்கொண்டிருந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இந்த இடைவெளியில் விடக்கூடாது, வெளியே 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளுக்கு அந்த ஒரு மணித்தியாலக் கணக்கையே எடுங்கள். "ஆறட்டும், பிறகு பிரிஜ்ஜில் வைப்போம்" என்று மேசையில் விடும் சட்டி இங்கே ஒருநாளும் ஆறாது. அறையே 31, 32 பாகையில் இருக்கும்போது சோறு அதற்குக் கீழே எப்படிப் போகும்? கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே மத்தியானம் முழுக்க நிற்கும்.

சோறு இதில் தனிக்கதை. அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகின்றன. அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. "ஆவி பறக்கச் சுடவைத்தேனே, பிறகு ஏன் சத்தி வந்தது?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அதுதான்.

இப்போது செய்வது இப்படி:

அ. சாப்பிடும் வரை சோறு ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலையிலேயே இருக்கட்டும். அது 60 பாகைக்கு மேல் வைத்திருக்கிறதா என்று ஒரு தரம் அளந்து பாருங்கள்.

ஆ. மிச்சத்தை அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். பிளாஸ்டிக் பெட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்த வேலைக்கு ஆகாது.

இ. சொதி, கறி என்றால் சட்டியோடு ஒரு பேசினில் இறக்குங்கள். பேசினில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் இருக்க வேண்டும். அகப்பையால் கிளறிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

ஈ. ஆவி நின்றதும் பிரிஜ். சோற்றை அடுத்த நாளுக்குள் முடியுங்கள். ஒரு தரம் மட்டும், நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சுடவையுங்கள்.

தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ப்பூச் சம்பலும் சீக்கிரம் பழுதாகும். சம்பலை நான் மிச்சம் வைப்பதே இல்லை, அந்தந்த நேரத்துக்கு இடிப்பதுதான்.

வாங்க வேண்டியவை இரண்டே: கூர்முனை வைத்த சாப்பாட்டுத் தெர்மாமீட்டர் ஒன்று, பிரிஜ்ஜுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று. பிரிஜ் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், மூடியபடி நான்கு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் போனால் இறைச்சி, மீன், கறி எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் கொட்டுங்கள்.

படி 3: மீன்

கடலை ஒட்டி இருக்கிறோம், மீன் புதிதுதான் என்ற நம்பிக்கை நமக்கு அதிகம். சூரை, கும்பிளா போன்ற மீன்களை வெயிலில் ஐஸ் இல்லாமல் விட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது, மணத்திலும் எப்போதும் தெரியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகமும் கழுத்தும் சிவக்கும், தலையிடிக்கும், நெஞ்சு படபடக்கும், நாக்கில் மிளகு பட்டதுபோல் கூசும், வயிற்றோட்டமும் வரலாம். மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலை. எந்த மீன் சாப்பிட்டாலும் இப்படி ஆகிறதென்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

காலையிலேயே வாங்குங்கள். வீட்டிலிருந்து ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொண்டு போங்கள், மீனுக்குச் சம அளவு ஐஸ். வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்து, கழுவி, பிரிஜ்ஜுக்குள். பத்து மணிக்குப் பிறகு ஐஸ் இல்லாத பெட்டியோடு படலைக்கு வரும் மீனை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

படி 4: தண்ணீர், வெளிச்சாப்பாடு

கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதித்துப் பொங்க ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். வாடைக்காற்று மழையில் கிணறு நிரம்பி வழிந்த பிறகு இது கட்டாயம். கரி வடிகட்டிகள் மணத்தையும் சுவையையும் திருத்தும், கிருமிக்கு அவற்றை நம்ப முடியாது. என் தெரிவு கேத்தல்தான்.

வெளியில் கண் முன்னே கல்லில் கொத்தும் கொத்து ரொட்டி, மத்தியானம் வரை காத்திருக்கும் சோத்துப் பார்சலைவிட எவ்வளவோ நல்லது. பார்சல் வேண்டுமென்றால் பதினொன்றரைக்கு வாங்கிப் பன்னிரண்டுக்குள் சாப்பிடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போனால் ஜூஸ் குடிக்கலாம், ஐஸ் போடாமல் கேளுங்கள்.

படி 5: வந்துவிட்டால்

பாமசியில் ஜீவனி (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பைக்கற் வாங்கி, முழுப் பைக்கற்றையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். ஒரு வாசகி பாதியை ஒரு கிளாசில் கரைத்துக் கொடுத்திருந்தார், பிள்ளைக்கு வயிற்றோட்டம் கூடிவிட்டது. கரைசல் தடித்தால் உடம்பிலிருக்கும் தண்ணீர் இன்னும் குடலுக்குள் இழுபடும், அளவு பிசகக்கூடாது. ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். ஜீவனி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடங்குங்கள்.

வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைக் காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது போடக்கூடாது. போன தரம் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கையும் எடுக்காதீர்கள். அது குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும்.

படி 6: வயிற்றைத் தேற்றுவது

நின்ற அன்றே பழையபடி சாப்பிடுவதால்தான் பலருக்கு "மறுபடியும் வந்துவிட்டது" என்று தோன்றுகிறது. குடலின் உள்தோல் புண்பட்டிருக்கும், கொஞ்ச நாளுக்குப் பால்கூடச் செரிக்காது. முதல் சில நாள் கஞ்சி, இடியப்பம், அவித்த கரட், வாழைப்பழம், முட்டை. பாலுக்குப் பதில் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிரைச் சிறு சட்டியாக வாங்கி, குளிரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அப்புறம் பருப்பு, கீரை, சிவப்பரிசி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கொப்பியில் குறியுங்கள். மிளகாயைக் கடைசியாகக் கூட்டுங்கள். பழஞ்சோறு வயிறு முழுதாகத் தேறும் வரை வேண்டாம் என்பது என் கருத்து.

குடல் தொற்று வந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் வயிற்றுளைவும் ஒழுங்கில்லாத மலமும் நீடிக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு. நான்கு வாரம் தாண்டினாலோ உடல் மெலிந்தாலோ கிளினிக்கில் காட்டி மலப் பரிசோதனை செய்யுங்கள், கொப்பியையும் கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை: எல்லாப் படியையும் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், நெஞ்செரிவுக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசையை நெடுநாளாகப் போட்டு வருகிறார். வயிற்று அமிலம்தான் கிருமிக்கு முதல் தடை, அதைக் குறைத்தால் தொற்று வரும் வாய்ப்புக் கூடும். நீங்களும் போடுகிறீர்கள் என்றால் தானாக நிறுத்தாமல், இன்னும் தேவையா என்று எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் கேளுங்கள்.