கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை

தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற புதிதில், கல்வியாண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே ஆறு புதிய திட்டங்களை அறிவித்தேன். குழுக் கற்றல், வாசிப்பு நேரம், மாணவர் நாட்குறிப்பு, வாரம் ஒரு செய்முறை என்று பட்டியல் நீண்டது. எல்லாரும் தலையசைத்தார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது ஆறில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிய பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வாரம் மொழியாசிரியை ஒருவர் என் அறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "மேடம், நீங்கள் சொன்ன எதையும் நான் தவறென்று நினைக்கவில்லை. எதை விட்டுவிட்டு இதைச் செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்."

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். பள்ளியில் ஏதாவது ஒன்றை மாற்ற நினைக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும், நாளை அந்த நாற்காலிக்கு வரப்போகும் ஆசிரியர்களுக்கும் அதைச் செய்முறையாகவே சொல்கிறேன்.

முதலில் எதை நிறுத்துவது?

புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் பழையது ஒன்றை நிறுத்துங்கள். எதை நிறுத்தலாம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வகுப்புக்கு வெளியே தாம் எழுதுகிற ஒவ்வொன்றையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். என்ன எழுதினேன், எவ்வளவு நேரம் ஆனது, அதை யார் படிக்கிறார்கள் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில்தான் பேனா தயங்கி நிற்கும். எங்கள் பள்ளியில் ஒரே மதிப்பெண்ணைப் பாட ஆசிரியரின் குறிப்பேட்டிலும், வகுப்பாசிரியரின் பதிவேட்டிலும், அலுவலகத்துக்குத் தரும் தாளிலும் மூன்று முறை கையால் எழுதிக்கொண்டிருந்தோம்.

கல்வித் துறை கேட்கும் பதிவேட்டில் நீங்கள் கைவைக்க முடியாது. ஆனால் பள்ளி தானாகவே உண்டாக்கிக்கொண்ட பதிவேடுகள் நிறைய இருக்கும். எப்போதோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காகத் தொடங்கியிருப்பார். தேவை போய்விட்டது, பதிவேடு தங்கிவிட்டது. அப்படிப்பட்ட இரண்டை நிறுத்தினோம். ஆளுக்கு வாரம் ஒரு பாடவேளை மிஞ்சியது. பின்னால் நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பாடவேளைதான் மூலதனம்.

நிறுத்தியதை எழுத்தில் கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னால், என்றாவது யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொடர்ந்து எழுதுவார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை எண்ணுங்கள்

அடுத்தது, உங்கள் அறையை விட்டு வெளியே வந்து ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லாதீர்கள். ஆசிரியரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணுங்கள்.

நாங்கள் எண்ணியது மௌனத்தை. ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறார்? அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றினார்கள், வேறு மாணவரிடம் போனார்கள், அல்லது தாமே பதிலைச் சொன்னார்கள். காத்திருப்பை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்பது அவர் கண்டவற்றில் பலர் மறந்துவிடும் பாதி.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. செலவில்லை, கருவி வேண்டாம், பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம், யார் அனுமதியும் தேவையில்லை. முதல் முயற்சி அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய திரைகளையும் மென்பொருள்களையும் கொண்டு தொடங்கும் பள்ளிகளில், கருவி பழுதாகும் நாளோடு முயற்சியும் பழுதாகிவிடுகிறது.

ஆனால் மற்றவரை எண்ணும் முன் உங்களை எண்ணச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புக்கு நான் ஒரு பாடம் எடுத்தேன். கடிகாரத்துடன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மொழியாசிரியை. மணி அடித்ததும் தாளை நீட்டினார். இருபத்தேழு கேள்விகள் கேட்டிருந்தேன். ஒன்றில்கூட இரண்டு நொடிக்கு மேல் காத்திருக்கவில்லை. மறுநாள் அந்தத் தாளை ஆசிரியர் அறைச் சுவரில், அந்த ஆறு திட்டப் பட்டியலைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் ஒட்டினேன். அன்று மாலையே இரண்டு பேர் வந்து, எங்கள் வகுப்புக்கும் வாருங்கள் என்றார்கள்.

இது வெறும் உணர்ச்சி விஷயம் இல்லை. கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும், பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பள்ளித் தலைமையின் ஐந்து வகைச் செயல்பாடுகளை மாணவர்களின் கற்றலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து, தாமும் அதில் பங்கெடுப்பதற்குக் கிடைத்த விளைவு அளவு, அதாவது மாணவர்களின் கற்றலோடு அது எவ்வளவு வலுவாகத் தொடர்புடையது என்று காட்டும் எண், 0.84. கற்பித்தலைத் திட்டமிட்டு மேற்பார்வையிடுவதற்கு 0.42. தானும் சேர்ந்து கற்பதற்கு மேற்பார்வையைப் போல இரண்டு மடங்கு என்ற அந்த வேறுபாட்டை நான் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாம் வரிசைச் சிறுமி

அழைத்த இருவரில் ஒருவர் அறிவியல் ஆசிரியர். பனிக்கட்டி போட்ட கண்ணாடிக் குவளையை மேசையில் வைத்துவிட்டு, அதன் வெளிப்பக்கம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டார். வழக்கமாக எழும் முதல் பெஞ்சுக் கைகள் உடனே எழுந்தன. அவர் யாரையும் அழைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமியின் உதடுகள் அசைந்தன. நான்காவது நொடியில் அவள் கை பாதி எழுந்தது, முழங்கை மேசையை விட்டு நீங்காமல். ஆசிரியர் அவளைப் பார்த்தார்.

"குவளையில் ஓட்டை இல்லை."

ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் மூன்று நொடி. "சரி" என்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"அப்படியென்றால் அந்தத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வெளியில் காற்று மட்டும்தான் இருக்கிறது."

அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் பேசி நான் கேட்டதில்லை. வெளியே வந்ததும் ஆசிரியர் என்னிடம், "இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் குரல் சரியாக இல்லை. ஒரு பள்ளியை அசைப்பதற்கு இப்படிப்பட்ட ஒரு நிமிடம் வேண்டும், அது ஆசிரியர் கண்ணெதிரே நடக்க வேண்டும். எந்தச் சுற்றறிக்கையாலும் அதைத் தர முடியாது.

யாரோடு தொடங்குவது, எதிர்ப்பவரை என்ன செய்வது?

புதியன பரவும் விதத்தை ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ், 1962-இல் மக்களை ஐந்து பிரிவாக வகுத்தார். புதியது எதுவானாலும் பாய்ந்து பிடிப்பவர்கள் 2.5 விழுக்காடு. அடுத்து வரும் 13.5 விழுக்காட்டினர் சற்று யோசித்து ஏற்பவர்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். முப்பது ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இந்த இரண்டாம் பிரிவினர் நான்கு பேர் இருப்பார்கள். அவர்களைத் தேடுங்கள். அடையாளம் எளிது: ஒரு சிக்கல் வந்தால் மற்ற ஆசிரியர்கள் உங்களிடம் வருவதற்கு முன் யாரிடம் போகிறார்கள் என்று பாருங்கள்.

எதிர்ப்பவரை ஒதுக்காதீர்கள். எங்கள் மூத்த கணித ஆசிரியர், மூன்று நொடி காத்துக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாடவேளைக்கு நாற்பது கேள்வி, கேள்விக்குக் கூடுதலாக இரண்டு நொடி. எண்பது நொடி. அதை ஏற்றுக்கொண்டார். அதன்பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: "வாய்ப்பாட்டைக் கேட்கும்போது எதற்குக் காத்திருப்பது? யோசிக்க வேண்டிய கேள்வியாக இருந்தால்தானே காத்திருப்பில் பொருள் உண்டு?" அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து நொடிகளோடு கேள்விகளையும் கவனிக்கத் தொடங்கினோம். நினைவிலிருந்து எடுப்பவை எத்தனை, யோசிக்க வைப்பவை எத்தனை? அவரை நான் வாயடைக்கச் செய்திருந்தால் எங்கள் முயற்சியின் சிறந்த பகுதியை இழந்திருப்போம்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

ஜப்பானியப் பள்ளிகளில் 'ஜுக்யோ கென்க்யூ' என்ற பழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள், பிறகு கூடிப் பேசுவார்கள். அதைச் சிறிய அளவில் எடுத்துக்கொண்டோம்: இரண்டு பேர், ஆறு வாரம், ஒரு கேள்வி. பேசும்போது விதிகள் இரண்டுதான். பாடம் நடத்தியவர் முதலில் பேச வேண்டும். மற்றவர், தாம் கவனித்த மாணவரைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். "நீங்கள் வேகமாகப் போனீர்கள்" என்று சொல்லக் கூடாது. "ஜன்னலோரப் பையன் விடையை எழுதி அழித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்து எழுதினான்" என்று சொல்லலாம். இரண்டாவது வாக்கியம் யாரையும் புண்படுத்தாது, ஆனால் இரவில் யோசிக்க வைக்கும்.

ஒருவர் மற்றவர் வகுப்புக்குப் போக வேண்டுமானால் அவருடைய வகுப்பை யார் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். பாதி நேரத்தை நிறுத்திய பதிவேடுகள் தந்தன. மீதியை நான் தந்தேன்: வாரம் ஐந்து பாடவேளை பதிலி ஆசிரியராகப் போனேன். கோப்புகள் தாமதமாயின. அதற்கு மேலிடத்தில் பேச்சும் கேட்டேன். மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் அதையே செய்வேன்.

எண்ணிய தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள், நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். சமூக அறிவியல் ஆய்வாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970களில் எச்சரித்தது இதைத்தான்: ஓர் அளவை முடிவெடுக்கப் பயன்படுத்தப் பயன்படுத்த, அந்த அளவும் கெடும், அது அளக்க வந்ததும் கெடும். நொடிகளை ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுவார், பிள்ளையைப் பார்க்க மாட்டார்.

தோற்றதைச் சொல்லும் நேரம்

நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பதிவான தவறுகள் அதிகமாக இருப்பதைக் கண்டார். தவறு அங்கே அதிகம் நடந்ததால் அல்ல, அங்கேதான் அதை வெளியே சொல்ல முடிந்தது. இதைப் படித்த பிறகு, ஆசிரியர் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தை அந்த மாதம் தோற்ற முயற்சிக்கு ஒதுக்கினேன். முதல் மூன்று கூட்டங்களில் நான் மட்டுமே பேசினேன். நான்காவதில் இன்னொருவர் பேசினார்.

நான் சொன்னவற்றில் ஒன்று இது. மதிப்பெண் இல்லாமல் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறுவதையும், குறிப்புரையோடு மதிப்பெண்ணும் சேர்ந்தால் அந்தப் பலன் போய்விடுவதையும் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லரின் 1988 ஆய்வு காட்டியிருந்தது. ஒரு பிரிவில் நோட்டுகளில் மதிப்பெண் போடுவதை நிறுத்தினோம். இரண்டாவது வாரமே பெற்றோர்கள் வாசலில் நின்றார்கள். தம் பிள்ளைக்கு மட்டும் மதிப்பெண் மறைக்கப்படுகிறது என்ற கவலை அவர்களுக்கு. ஆசிரியர்களிடம் பேசிய நான் பெற்றோரிடம் பேச மறந்திருந்தேன். அதன் சுமை வகுப்பாசிரியர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு முதலிலேயே பெற்றோரை அழைத்து, ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகளைக் கையில் கொடுத்தேன். ஒன்றில் பத்துக்கு ஆறு. மற்றதில், "இரண்டாம் பத்தியில் காரணம் சொல்லவில்லை, ஒரு காரணத்தைச் சேர்த்து மறுபடி எழுது." எதை வாங்கினால் உங்கள் பிள்ளை இன்றிரவு பேனாவை எடுப்பான் என்று கேட்டேன். பரீட்சைகளுக்கு மதிப்பெண் உண்டு, நோட்டுகளுக்குக் குறிப்புரை மட்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவாயிற்று.

மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய பாதி ஆசிரியர்கள் ஒருவர் வகுப்புக்கு மற்றவர் போய்வந்தார்கள். மீதிப் பேரை நான் கட்டாயப்படுத்தவில்லை. கதவுகள் திறந்திருந்தன, அவ்வளவுதான். சிலர் கடைசிவரை வரவில்லை.

பொறுப்பை ஒப்படைத்த நாளில், சாவிகளோடும் பதிவேடுகளோடும் புதிய தலைமை ஆசிரியரிடம் ஒரு தாளையும் கொடுத்தேன். யார் வகுப்புக்கு யார் எந்தப் பாடவேளையில் போகிறார்கள் என்ற அட்டவணை அது. அதில் ஐந்து கட்டங்களில் பதிலி ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அந்த ஐந்து பெயர்களையும் அவர் கண்ணெதிரே அடித்துவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினேன்.