இனவெறிக் கொலைக்குப் பின் ஒரு வளாகத்துக்குத் துணை நிற்பது எப்படி

2017 மே 20 அதிகாலையில், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக வளாகத்தில், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ரிச்சர்ட் காலின்ஸ் என்ற 23 வயதுக் கருப்பின இளைஞரை வெள்ளையின மாணவர் ஒருவர் குத்திக் கொன்றார். போயி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் காலின்ஸ் பட்டம் பெறுவதற்குச் சில நாள்களே இருந்தன. அந்தப் பட்டமளிப்பு விழாவில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவருடைய அங்கியைப் போர்த்தி வைத்தார்கள். துணை நிற்க விரும்புகிறவர்கள், இறந்தவருக்குரிய இடத்தை அவருக்கே விட்டுவைத்த அந்தச் செயலிலிருந்து தொடங்கலாம்.

குடும்பத்தாருக்குத் தகவல் சேர்ந்தபின், அதே நாளில் நிர்வாகத்தின் அறிக்கை வர வேண்டும். அதில் இறந்தவரின் பெயர் இருக்க வேண்டும். 'விரும்பத்தகாத சம்பவம்' என்று பூசி மெழுகக் கூடாது. கொலையின் நோக்கத்தைக் காவல்துறை இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தால் அதை அப்படியே சொல்லலாம். ஆனால், கருப்பின மாணவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நீதிமன்றத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான மாணவர்கள் முதலில் பார்ப்பது துணைவேந்தரை அல்ல, வகுப்பாசிரியரைத்தான். எதுவும் நடக்காததுபோல் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், தாம் அறியாமலே மாணவரின் துயரத்தைக் கூட்டிவிடுகிறார். "நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். இன்று பாடத்தில் மனம் செல்லாதவர்கள் எழுந்து போகலாம், கட்டுரையை அடுத்த வாரம் கொடுத்தால் போதும், காரணம் கேட்க மாட்டேன்" என்று சொன்னால் போதும். வகுப்பில் இருக்கும் ஒரே கருப்பின மாணவரைப் பார்த்து "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பது பெரும் தவறு, தன் இனத்துக்கே வாதாட வேண்டிய சுமையை அது அவர் தலையில் ஏற்றுகிறது.

மனநல ஆலோசகர்கள் தங்கள் அறையில் காத்திராமல், மாணவர்கள் கூடும் விடுதிக்கும் கருப்பின மாணவர் சங்கத்துக்கும் போய் உட்கார வேண்டும். முடிந்தால் அவர்களில் கருப்பின ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளர்களையும் சமையற்கூடத்தாரையும் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களும் அதே நிறுத்தத்தில்தான் பேருந்துக்கு நிற்கிறார்கள். காவலர்களை அதிகம் நிறுத்துவது சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்கு அச்சமாகவும் இருக்கும் என்பதால், மாணவர்களைக் கேட்ட பிறகே அதை முடிவுசெய்ய வேண்டும்.

மெழுகுவத்தி அஞ்சலியோடு நிறுவனங்கள் ஓய்ந்துவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. காலின்ஸ் வழக்கில் 2019 டிசம்பரில்தான் கொலைக் குற்றம் உறுதியானது. இன வெறுப்பால் செய்த கொலை என்ற 'வெறுப்புக் குற்ற'க் குற்றச்சாட்டையோ போதிய ஆதாரமில்லை என்று நீதிபதி தள்ளிவிட்டார். அதன் பிறகு, 2020இல், மேரிலாந்தின் வெறுப்புக் குற்றச் சட்டம் காலின்ஸ் பெயரிலேயே திருத்தப்பட்டது. இத்தகைய ஒவ்வொரு நாளும் பழைய காயத்தைத் திறக்கும். நினைவு நாளையும் விசாரணைத் தேதிகளையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தி கைபேசித் திரையில் வந்து விழுவதற்கு முன்பே, இறந்தவரின் நண்பர்களை அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.