கோடை லீவில் பொடிசுகளை வெளியே விளையாட விடுவது எப்படி

வெயில் காலத்தில் சின்னப் பிள்ளைகளை வெளியே விளையாட விட வேண்டுமென்றால் முதலில் நேரத்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே மே மாதத்தில் காலை ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். ஆறிலிருந்து எட்டரை வரை ஒரு ஆட்டம், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து இருட்டுகிறவரை இன்னொரு ஆட்டம். நடுவில் உள்ள பொழுதெல்லாம் வீட்டுக்குள்தான். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வாசல்படி தாண்டக் கூடாது என்பதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை, பெற்றவர்களோடும்கூட.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லீவு விட்டால் சென்னையிலிருந்து மகள் பிள்ளைகள் இரண்டும், பெங்களூரிலிருந்து மகன் பிள்ளையும் வந்துவிடுவார்கள். பெரியவனுக்கு ஏழு வயது, நடுவுள்ளவளுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு மூன்று. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு ஒரு பொருள் போதும். மணல் என்றால் மணல், தண்ணீர் என்றால் தண்ணீர். பந்து, பட்டம், வாளி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொட்டினால் பத்தே நிமிஷத்தில் சண்டை வரும். இன்னொன்று, கூடப் போகிற பெரியவர் தரையில் உட்கார வேண்டும். நின்றுகொண்டே செல்போனைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வந்து தொந்தரவு செய்யும். உட்கார்ந்துவிட்டால் அதுபாட்டுக்கு விளையாடும்.

காலை ஆட்டத்துக்கு எங்களுக்கு இருப்பது தாமிரபரணி. கோடையில் தண்ணீர் குறைந்து கரையோரம் மணல் தெரியும். அங்கே செய்ய வேண்டியது ஊற்று தோண்டுவது. தண்ணீர் ஓரத்திலிருந்து நாலைந்து எட்டு தள்ளி, ஈரம் தெரிகிற மணலாகப் பார்த்து உட்காருங்கள். ஆளுக்கொரு சிரட்டை கொடுங்கள். பிளாஸ்டிக் மண்வெட்டியைவிட சிரட்டை நல்லது. சின்னக் கைக்கு அடங்கும், தொலைந்தாலும் கவலை இல்லை. ஒரு முழம் தோண்டுவதற்குள் அடியில் மணல் கறுத்து, அப்புறம் மினுங்கி, தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். “ஆச்சி, தண்ணி வந்துட்டு!” என்று கத்துவார்கள். முதலில் வருவது கலங்கல். அதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தெளிந்த தண்ணீர் ஊறும். மணல் சரிந்து குழி தூர்ந்துகொண்டே இருக்கும், அவர்கள் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு காலைப்பொழுது ஓடிவிடும். பெரியவன் அங்கிருந்து ஆற்றுக்கு வாய்க்கால் வெட்டுவான். நடுவுள்ளவள் வேப்பங்குச்சியில் பாலம் போடுவாள். கடைக்குட்டி அந்தப் பாலத்தை மிதிப்பான். அதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும். நடக்கட்டும், உடனே போய் விலக்கிவிட வேண்டாம்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. குழி பிள்ளையின் முழங்கைக்கு மேல் ஆழமாகக் கூடாது, யாரும் குழிக்குள் இறங்கி உட்காரக் கூடாது. மணல் சரிந்தால் சின்ன உடம்பு தாங்காது. கிளம்பும்போது குழியை மூடிவிட வேண்டும், சாயங்காலம் மாடு வரும். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோனதுதான் குடிக்க.

ஆற்றுக்குள் இறங்குவதென்றால் பிள்ளையின் முட்டி அளவு தண்ணீர் வரைதான், அதுவும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு. மணல் அள்ளிய ஆறுகளில் மேலே பார்த்தால் சமமாகத் தெரியும், காலடியில் திடீரென்று பள்ளம் இருக்கும். பழகிய படித்துறையை விட்டுப் புது இடம் தேட வேண்டாம். பாபநாசத்தில் அணை திறந்தால் இங்கே தண்ணீர் ஏறும். கரையில் துணி துவைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குவது என் பழக்கம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் தண்ணீரில் போதாது. ஆள் இல்லாத அன்றைக்கு ஊற்று மட்டும்தான், குளியல் கிடையாது.

இனி நுங்கு. ஏப்ரல், மே மாதங்களில் சாலையோரம் குலை குலையாகக் கிடக்கும். இப்போதெல்லாம் வியாபாரிகள் காயைப் பிளந்து சுளையை மட்டும் எடுத்துக் கவரில் போட்டுத் தருகிறார்கள். அது தின்பதற்குச் சரி, விளையாட்டுக்கு ஆகாது. “அண்ணாச்சி, மேலே மட்டும் சீவிக் குடுங்க, பிள்ளைகளுக்கு வண்டி செய்யணும்” என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே செய்து தருவார். ஒரு காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண். கட்டைவிரலை விட்டுக் குடைந்து உறிஞ்சித் தின்னக் கற்றுக்கொடுங்கள். சட்டை எப்படியும் பாழாகும். அந்தச் சாறு பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுவது புத்திசாலித்தனம். மூன்று வயதுக்காரனுக்கு மட்டும் நான் முழுச் சுளை கொடுப்பதில்லை. வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் அடைக்கும். தோலை உரித்து, விரலால் பிசைந்துதான் கொடுப்பேன். முற்றிய நுங்கு யாருக்கும் வேண்டாம், வயிறு வலிக்கும்.

தின்று முடித்த காய்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அளவு ஒன்றுபோல இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். சீவிய முகம் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து, நடுவில் விரல் பருமனுள்ள நேரான குச்சி ஒன்றால் இரண்டையும் கோக்க வேண்டும். இரண்டு காய்க்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். துளை போடுவது பெரியவர் வேலை. கம்பியோ கத்தி முனையோ கொண்டு காயின் சரி நடுவில் போடுங்கள். நடு தப்பினால் வண்டி குதிக்கும். குதிக்கிற வண்டிதான் வேண்டும் என்று எங்கள் நடுவுள்ளவள் அடம்பிடித்ததும் உண்டு. குச்சி காயில் இறுக்கமாக உட்கார வேண்டும். அப்புறம் நீளமான கவட்டைக் கம்பு ஒன்று வேண்டும். கவட்டை அந்தக் குச்சியின் மேல் தளர்வாக உட்கார்ந்து, தள்ளினால் சக்கரம் உருள வேண்டும். கம்பின் நீளத்தைப் பிள்ளையை நிறுத்தி வைத்து அளவெடுங்கள். தரையிலிருந்து சாய்த்துப் பிடித்தால் அதன் வயிற்றுக்கு வர வேண்டும். நீளம் கூடினால் கண்ணைக் குத்தும், குறைந்தால் கூன் போட்டு ஓடும். கைப்பிடி முனையில் துணி சுற்றிவிடுங்கள்.

இதற்கு ஏற்ற தரை மண் தெருதான். சிமெண்டுச் சாலையிலும் ஓடும், சத்தம்தான் அதிகம். இரண்டு மூன்று நாளில் காய் வாடிச் சுருங்கிவிடும். மாட்டுக்குப் போட்டால் தின்றுவிடும். கடையில் வாங்கிய பொம்மைக் காருக்கு இந்த வசதி கிடையாது.

இலை வித்தைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பூவரசு இலையில் பீப்பி செய்யலாம். கொழுந்து இலை கிழியும், முற்றல் இலை முறியும். நடுத்தரமான இலையாகப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனை ஒடுங்கியும் மறுமுனை விரிந்தும் வரும். ஒடுங்கிய முனையை உதட்டில் வைத்து லேசாகத் தட்டையாக்கி ஊதுங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஊத வரும். கடைக்குட்டிக்குச் சத்தம் வராது, வெறும் எச்சில்தான் வரும். அவனுக்கு நீங்கள் ஊதிக் காட்டினால் போதும். மே கடைசியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வர ஆரம்பித்ததும் பனையோலைக் காற்றாடிக்குக் காலம் வரும். இரண்டு விரல் அகல ஓலைத் துண்டுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, முனைகளை ஒரே பக்கமாக லேசாக முறுக்கி, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் சொருகுவோம். முள்ளின் கூர்முனை தட்டைக்குள் முழுசாகப் போய்விட வேண்டும், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் ஒடித்துவிடுங்கள். காற்றுக்கு எதிராக ஓடினால் சுற்றும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் ஆற்றுக்கும் பனைக்கும் எங்கே போவோம் என்பீர்கள். மொட்டை மாடி போதும். ஐந்தரை மணிக்கு மேல் போய், முதலில் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சுட்டால் இன்னும் பொறுங்கள், பிள்ளையின் பாதம் நம்முடையதைவிட மெல்லியது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய், காலி பாட்டிலின் மூடியில் ஊசியைச் சூடாக்கி ஏழெட்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள். தரையை நனைக்கிறேன் என்று அவர்களே வேலையை எடுத்துக்கொள்வார்கள். சுவரில் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தண்ணீரில் படம் வரையலாம். வரைந்த யானை காய்ந்து மறைவதற்குள் அடுத்ததை வரைய வேண்டும் என்பதே ஒரு போட்டி. முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அரை வாளித் தண்ணீரில்கூடத் தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு ஆபத்து வரும், போதாததற்கு டெங்குக் கொசு வேறு.

தெருவில் மணல் கொட்டிக் கிடந்தால் சாயங்காலத்துக்குக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். மணலை இரண்டு முழ நீளத்துக்குக் கரையாகக் குவித்து, ஒருவர் கையில் சின்னக் குச்சியை வைத்துக்கொண்டு கரைக்குள் கையை நுழைத்து முன்னும் பின்னும் ஓட்டி எங்கேயாவது ஒளித்துவிடுவார். எதிரே இருப்பவர் இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கிறது என்று நினைக்கிற இடத்தைப் பொத்த வேண்டும். ஐந்து வயதுக்கு அருமையான விளையாட்டு. ஆனால் கட்டட வேலைக்குக் கொட்டின மணலில் ஆணியும் கண்ணாடியும் இருக்கும், பூனையும் அங்கேதான் வரும். கையால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு விடுங்கள்.

பசிக்கு அடுப்பில்லாக் கூட்டாஞ்சோறு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒருவர் வீட்டிலிருந்து அவல், இன்னொருவர் வீட்டிலிருந்து தேங்காய், கருப்பட்டி ஒருவர், வாழைப்பழம் ஒருவர். அவலைக் களைந்து நனைத்து வைத்துவிட்டு, கருப்பட்டியைப் பொடிக்கிற வேலையைப் பெரிய பிள்ளைக்கும் பழத்தைப் பிசைகிற வேலையைச் சின்னதுக்கும் கொடுங்கள். வீட்டில் ஒரு வாய் வாங்க மறுக்கிற பிள்ளை, வேப்பமரத்தடியில் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தால் இரண்டாம் தரம் கேட்கும்.

தாகம் என்று பிள்ளைகள் வந்து சொல்லமாட்டார்கள். விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோகும். அரைமணிக்கு ஒருமுறை நீங்களே கூப்பிட்டு நாலு வாய் தண்ணீர் கொடுங்கள். வீடு திரும்பியதும் நீர்மோர், உப்புப் போட்டு. பதநீர் காலையில் இறக்கியதும் குடிப்பதுதான் சரி, வெயில் ஏறினால் புளிக்கும். சின்னதுக்கு அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். மூத்திரம் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சோர்ந்து உட்கார்ந்தால், தலைவலி, வாந்தி என்றால், உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறுங்கள். ஓஆர்எஸ் வீட்டில் இருக்கட்டும். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். கொஞ்சம் பாக்கெட், கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலப்பது தப்பு. உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 108க்கு ஒருவர் போன் போடட்டும், இன்னொருவர் துடைத்துக்கொண்டே இருக்கட்டும்.

குற்றாலம் போகலாமா என்று எல்லா வருஷமும் மருமகள் கேட்பாள். சீசன் ஜூனில்தான், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மே மாதக் கோடை மழையை நம்பிப் பொடிசுகளைக் கூட்டிப்போக எனக்கு மனசு வராது. 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் வெள்ளம் திடீரென்று இறங்கி ஒரு பையன் போய்விட்டான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பெய்யும். அருவியில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது.

ராத்திரி எட்டே முக்கால், ஒன்பது மணிக்கு மாடியில் பாய் விரித்தால் மே மாத வானத்தில் இரண்டு காட்சி. வடக்கே பார்த்தால் பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலம், ஏழு நட்சத்திரம், அகப்பை மாதிரி. வால் பக்கத்திலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. அப்படியே திரும்பித் தெற்கே தாழ்வாகப் பார்த்தால் நாலு நட்சத்திரம் சிலுவைபோல நிற்கும், அதற்கு இடதுபக்கம் பளிச்சென்று இரண்டு. டெல்லிக்காரர்களுக்கு இது அடிவானத்தோடு ஒட்டிப்போகும், நமக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பெரியவன் அருந்ததியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவான், எனக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. கொசு கடிக்க ஆரம்பித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட வேண்டியதுதான்.