‘இது எப்படித் தெரியும்?’: சின்னக் குழந்தைக்கு அறிவியல், வரலாற்றுப் புத்தகம் வாசித்துக் காட்டும் முறை

என் மகளுக்கு நாலரை வயது இருக்கும்போது முதன்முதலாக ஒரு அறிவியல் புத்தகம் வாங்கினேன். கனமான அட்டை, பக்கத்துக்குப் பத்துப் படம். கதை வாசிப்பது போலவே முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற பக்கத்தை நான் முடிப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். மூன்று மாதம் அந்தப் புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது. ஒரு நாள் சுவரோரமாகப் போன எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் வழி யாரு சொல்றது?” என்று கேட்டாள். புத்தகத்தில் எறும்புக்கு அரைப் பக்கம் இருந்தது. அந்த அரைப் பக்கத்தை அன்று மட்டும் ஐந்து தடவை வாசிக்க வைத்தாள்.

அதன் பிறகுதான் தகவல் புத்தகம் வாசிப்பது வேறு வேலை என்று எனக்குப் புரிந்தது. நான்கு வயது முதல் ஏழு வயது வரை உள்ள குழந்தையோடு இதைத் தொடங்குகிறவர்களுக்காக, நான் பழகிக்கொண்ட முறையை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் கேள்விகளைச் சேருங்கள்

புத்தகம் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் காத்திருங்கள். குழந்தை கேட்கும் கேள்விகளை அதன் வார்த்தையிலேயே ஒரு தாளில் குறித்து வையுங்கள். ‘நிலா ஏன் கூடவே வருது?’, ‘பாட்டி குட்டியா இருந்தப்போ டைனோசர் இருந்துச்சா?’ இந்த மாதிரிதான் இருக்கும். வாரக் கடைசியில் தாளைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஆர்வம் போகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் புத்தகம் தேடுங்கள். எல்லாம் ஒன்றிலேயே இருக்கும் கலைக்களஞ்சியத்தை விட, எறும்பைப் பற்றி மட்டும் பேசும் முப்பது பக்கப் புத்தகம் இந்த வயதுக்கு நன்றாக ஒத்துவரும்.

படி 2: புத்தகத்தைச் சோதித்துப் பாருங்கள்

கையில் எடுத்ததும் எந்த ஆண்டு வெளியானது என்று பாருங்கள். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்று இருந்தால், அது 2006க்கு முந்தைய தகவல். அந்த ஆண்டில்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பிரித்துக் காட்டும் படம் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒவ்வொரு சுவையையும் நாக்கில் சுவை அறியும் எல்லாப் பகுதிகளாலும் உணர முடியும். அந்தப் படம் பல தலைமுறைகளாகப் புத்தகத்துக்குப் புத்தகம் நகல் எடுக்கப்பட்டு வந்த ஒரு பிழை.

அடுத்து, பின்பக்கம் திருப்பி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் பொருளடைவு இருக்கிறதா என்று பாருங்கள். சிறுவர் புத்தகத்துக்கு எதற்கு இது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் விட நான் தேடுவது ஒன்று உண்டு. புத்தகம் தகவலைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறதா, அது எப்படித் தெரியவந்தது என்றும் சொல்கிறதா? ‘டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன’ என்ற வரியோடு முடிந்தால், அது மனப்பாடம் செய்ய ஒரு வரி. கூடவே ஒரு வரியாவது பாறை அடுக்கைப் பற்றியோ எலும்பைத் தோண்டி எடுத்ததைப் பற்றியோ இருந்தால், அந்தப் புத்தகத்தை நம்பி வாங்கலாம். பழைய புத்தகத்தில் ஒன்றிரண்டு தகவல் மாறிப்போயிருந்தாலும், இந்த ஒரு குணத்துக்காக அதை நான் வைத்துக்கொள்வேன்.

படி 3: நடுவில் திறங்கள்

கதைக்கு ஆரம்பம் வேண்டும். தகவல் புத்தகத்துக்குக் கேள்விதான் ஆரம்பம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ‘எறும்பு எங்க இருக்குன்னு தேடலாமா?’ என்று பொருளடைவைத் திறங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை கூட விரல் வைத்து ‘எ’னாவைத் தேடும். பக்க எண்ணைப் பார்த்து, பக்கம் திருப்பி, எறும்பு அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அதன் முகம் மலர்வதைப் பாருங்கள். புத்தகத்திடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும் என்று அந்த நிமிடத்தில் அது கற்றுக்கொள்கிறது.

பிறகு படம், படத்துக்குக் கீழே உள்ள வரி, அப்புறம்தான் பெரிய பத்தி. பத்தி நீளமாக இருந்தால் உங்கள் வார்த்தையில் சுருக்கிச் சொல்லலாம். ஆனால் ‘புதைபடிவம்’, ‘உணர்கொம்பு’ போன்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். டைனோசர் பெயர்களைத் தப்பில்லாமல் சொல்கிற குழந்தைக்கு இவை பெரிய பாரமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, பத்து நிமிடம். அது போதும்.

படி 4: ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள்

இதுதான் இந்த முறையின் உயிர். வாசித்து முடித்ததும் நீங்களே சத்தமாக யோசியுங்கள்: “டைனோசரை யாரும் நேரில் பார்த்ததில்லையே, அதுக்கு இப்படித்தான் கால் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?” பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, சேர்ந்து தேடலாம்.

நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இகுவானோடான் என்ற டைனோசர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிடியன் மான்டெல் என்ற மருத்துவர் இதன் எலும்புகளை ஆராய்ந்தார். கூம்பு மாதிரி ஒரு எலும்பு தனியாக இருந்தது. காண்டாமிருகம் போல மூக்கின் மேல் கொம்பு இருந்திருக்கும் என்று நினைத்தார். 1854இல் லண்டனில் வைத்த பெரிய சிலைகளும் மூக்கில் கொம்போடுதான் நின்றன. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்தில் இகுவானோடான் எலும்புக்கூடுகள் முழுதாகவே பல கிடைத்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் கூம்பு மூக்கில் இருந்தது இல்லை, கட்டைவிரலில் இருந்தது என்று உறுதியாயிற்று.

இந்தக் கதையை என் மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் கட்டைவிரலை மூக்கில் வைத்து, அப்புறம் கையில் வைத்துக் காட்டுவாள். பெரியவர்களும் தவறலாம், புதிய ஆதாரம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதை நான் அவளுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. லண்டனில் மூக்குக் கொம்போடு அந்தச் சிலைகள் இன்றும் நிற்கின்றன என்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

டைனோசர் படத்தில் நிறம் வரும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலான நிறங்கள் ஓவியர் ஊகித்தவை. ஆனால் சைனோசாரொப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்பது, அதன் உடலைப் போர்த்தியிருந்த இறகு போன்ற இழைகளில் எஞ்சியிருந்த நிறமித் துகள்களை வைத்து 2010இல் கண்டறியப்பட்டது. ‘இது ஊகம், இது ஆதாரத்தோடு சொன்னது’ என்று ஐந்து வயதுக் குழந்தையால் பிரித்துப் பார்க்க முடியும். நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: புத்தகத்தை மூடிவிட்டுச் செய்து பாருங்கள்

எறும்பு தன் உடலிலிருந்து வரும் வாசனையால் பாதை போடுகிறது என்று வாசித்தீர்களா? எறும்பு வரிசையின் குறுக்கே ஈரத்துணியால் ஒரு கோடு துடைத்துவிட்டுக் காத்திருங்கள். வந்த எறும்புகள் அந்த இடத்தில் தயங்கி அங்கும் இங்கும் தேடும், பிறகு வழி கண்டுபிடிக்கும். புத்தகத்தின் அரைப் பக்கம் கண்ணெதிரே நடக்கிறது.

நிலவைப் பற்றிய பக்கத்துக்கு இரண்டு பந்துகள் போதும். பூமிக்கு ஒரு கால்பந்து, நிலவுக்கு ஒரு டென்னிஸ் பந்து. அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும். இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று குழந்தையைக் கேளுங்கள். புத்தகப் படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரு சாண் தள்ளி வைக்கும். உண்மையில் நடுவில் முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம், அதாவது ஆறரை மீட்டர். நடந்து போய் வைத்துவிட்டு, அங்கிருந்து கால்பந்தைத் திரும்பிப் பார்க்கட்டும். இதே அளவில் சூரியன் இருபத்து நான்கு மீட்டர் அகலமுள்ள பந்தாக இரண்டரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். பக்கத்துக்குள் அடக்கவே படத்தைச் சுருக்கி வரைகிறார்கள் என்பது அப்போது தானாகவே புரியும்.

இன்னொன்று, பெரியவர் மட்டும் செய்து காட்ட வேண்டியது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் புகையில் எரியும் குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே சுடர் புகை வழியாகத் தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு அதுவே சாட்சி. ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக நடத்திய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில் இதைச் செய்து காட்டினார். அந்த உரைகள் 1861இல் புத்தகமாக வந்தன. ஃபாரடே கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் கட்டும் பட்டறையில் பயிற்சியாளராக இருந்தபோது, கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே அறிவியலுக்குள் வந்தார். அவற்றில் ஒன்று, தொடங்குகிறவர்களுக்காக ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் நூல். ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்கிற நடையில் அமைந்தது அது.

படி 6: வரலாற்றுக்கு ஒரு கயிறு

சின்னக் குழந்தைக்கு ‘ரொம்ப நாளுக்கு முன்னால’ என்பது எல்லாம் ஒன்றுதான். பாட்டியின் சிறுவயது, பிரமிடு, டைனோசர் மூன்றும் ஒரே மூட்டைக்குள் இருக்கும். அதனால் வரலாற்றுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நீளமான கயிறு எடுங்கள். ஒரு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். கயிற்றின் நுனி இன்று. ஐந்து வயதுக் குழந்தை ஐந்தாவது சென்டிமீட்டரில் பிறந்தது. அங்கே ஒரு முடிச்சு. பாட்டி பிறந்த இடத்தில் அடுத்த முடிச்சு. மனிதன் நிலவில் கால் வைத்த 1969க்கு ஒன்று. பாட்டி முடிச்சுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் குழந்தையே அளந்து சொல்லட்டும்.

1783இல் பிரான்சில் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் வெப்பக்காற்று பலூனில் ஏற்றி அனுப்பினார்கள். அது ஏறக்குறைய இரண்டரை மீட்டரில் வரும், அறைக்குள் கட்டிவிடலாம். கிசாவின் பெரிய பிரமிடுக்குச் சுமார் நாற்பத்தாறு மீட்டர் வேண்டும், வெளியே நடக்க வேண்டியதுதான். கடைசி டைனோசருக்கு? அறுநூற்று அறுபது கிலோமீட்டர் கயிறு. அந்த எண்ணைச் சொன்னபோது என் மகள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்த்தாள்.

புதிதாக எந்த வரலாற்றுப் புத்தகம் வந்தாலும் முதல் வேலை அதற்கு ஒரு முடிச்சுப் போடுவதுதான்.

படி 7: கஷ்டமான கேள்வியிலிருந்து நழுவாதீர்கள்

வரலாற்றில் சாவு வரும், போர் வரும், அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள் வருவார்கள். சில சிறுவர் புத்தகங்கள் அந்த இடத்தில் பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றன. 1957இல் சோவியத் யூனியன் அனுப்பிய ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் லைகா என்ற நாய் விண்வெளிக்குப் போனது என்று ஒரு புத்தகத்தில் வாசித்தோம். அந்தப் பக்கம் அதோடு முடிந்தது. “எப்போ திரும்பி வந்துச்சு?” என்று மகள் கேட்டாள்.

“வரவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர அப்போது யாருக்கும் வழி தெரியாது. தெரிந்தேதான் அனுப்பினார்கள்” என்று சொன்னேன். அழுதாள். அது தப்பு என்றாள். அனுப்பியவர்களில் சிலரும் பின்னாளில் அதற்காக வருந்தினார்கள் என்று சொன்னேன். உண்மையைச் சின்ன வாக்கியத்தில் சொல்லுங்கள், கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள், அப்புறம் பக்கத்திலேயே இருங்கள். பயமாக இருக்கும் படங்களை முன்கூட்டியே தனியாக ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

படி 8: அவர்களுக்கென்று ஒரு புத்தகம்

நாலைந்து தாள்களை மடித்து நடுவில் தைத்துக் கொடுங்கள். கண்டுபிடித்ததைக் குழந்தை வரையட்டும், அது சொல்வதை நீங்கள் கீழே எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று ஒரு வரிக்கு இடம் விடுங்கள். என் மகளின் எறும்புப் பக்கத்தில் அந்த இடத்தில், ‘நான் தொடச்சேன், அது நின்னுச்சு’ என்று இருக்கிறது.

நாளைக்கும் அதே எறும்புப் பக்கத்தைத்தான் கேட்பார்கள். வாசியுங்கள்.