ஆட்டோகேடில் பிளான் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வீட்டுப் பிளான் போடும் அலுவலகங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கமாண்டுகளை வேகமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நாங்கள் சேர்ந்த காலத்தில் நடந்த அதே தவறுகள் இவர்கள் கையிலும் வருகின்றன. சேவ் செய்ய மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அது புரிந்துவிடும்.

அளவு எண்ணைத் தட்டி மாற்றுவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நம் ஊரில் வீட்டுக்காரர் பிளானில் முதலில் பார்ப்பது உள்கூடு அளவை, அதாவது சுவருக்குச் சுவர் அறையின் உள்ளளவைத்தான். மனையடி பார்த்துவிட்டு ராத்திரி போன் வரும்: "12 அடி வேண்டாம், 11 ஆக்கிருங்க தம்பி." சுவரை நகர்த்தினால் பக்கத்து அறை, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்குச் சோம்பி, டைமென்ஷன் (கோட்டை அளந்து ஆட்டோகேட் காட்டும் அளவு எண்) மேல் இரண்டு கிளிக் செய்து 11 என்று அடித்துவிடுகிறார்கள். தாளில் 11, கோடு 12-லேயே நிற்கிறது.

கேடிசி நகர் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆனது. தூண் பிளானை அந்த ஃபைலின் கோடுகள் மேலேயே போட்டார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தூண் எழும்பி, சுவரைத் தாங்கும் அடிமட்ட பிளிந்த் பீமும் முடிந்தது. கொத்தனார் தாளில் உள்ளபடி 11 அடிக்கு நூல் பிடித்தபோதுதான், சுவர் பீமை விட்டு ஓரடி தள்ளி வருவது தெரிந்தது. பாவம், அவர் முதலில் தன் டேப்பைத்தான் சந்தேகப்பட்டார். வீட்டுக்காரர் 11-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. புதுச் சுவருக்கு அடியில் தனியாக ஒரு பீம் போட வேண்டியதாயிற்று. ஹாலுக்குள் தூண் துருத்திக்கொண்டு நிற்கிறது. செலவு யாருடையது என்ற பேச்சில் வேலையும் நின்றது.

ஸ்ட்ரெட்ச் கமாண்ட் எதற்கு இருக்கிறது? வலமிருந்து இடமாகப் பெட்டி இழுத்து, சுவரையும் டைமென்ஷன் முனையையும் சேர்த்துப் பிடித்து நகர்த்துங்கள், எண் தானாக மாறும். அடுத்தவர் ஃபைல் கைக்கு வந்தால் டைமென்ஷனைத் தேர்ந்து, பிராப்பர்ட்டீஸில் ‘டெக்ஸ்ட் ஓவர்ரைடு’ கட்டத்தைப் பாருங்கள். அங்கே எண் இருந்தால் யாரோ கையால் அடித்தது. அதை அழித்தால் உண்மையான அளவு வந்துவிடும். அப்புறம் தூண் பிளானைத் தொடுங்கள்.

மீட்டரும் அடியும்

எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே துறையின் புல வரைபடம்) மீட்டரில் வரும், நாம் அடியில் வரைகிறோம். 1 அடி 304.8 மில்லிமீட்டர். 300 என்று வைத்தால் 60 அடி மனையில் 11 அங்குலத்துக்கு மேல் பிசகும்.

நாலு பக்கம் மட்டும் அளந்து வருவது

நாலு பக்க நீளத்தை வைத்து மனையின் வடிவம் கிடைக்காது. மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். வாய்க்கால் வளைவை ஒட்டிய மனை என்றால் கட்டாயம்.

டெஃப்பாயிண்ட்ஸ் லேயர்

டைமென்ஷன் போட்டதும் ஆட்டோகேட் தானாக உருவாக்கும் லேயர் (வரைபட அடுக்கு) இது. அதில் வரையாதீர்கள். பிரிண்டில் வராது.

ஃபிட் டு பேப்பர்

பிரிண்ட் எடுக்கும்போது இதைத் தேர்ந்தால், தாளுக்குள் அடங்கும்படி படம் தானாகச் சுருங்கும் அல்லது பெருகும். 1:100 என்று எழுதிய தாளை இப்படி அச்செடுத்து சைட்டுக்கு அனுப்பாதீர்கள். அதன் மேல் ஸ்கேல் வைத்து அளக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.