நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா? எக்ஸ் கதிரை வைத்துப் பிரித்தறிவது எப்படி

ஒரு சாதாரண விண்மீனும் மிக அடர்த்தியான ஒரு பொருளும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. விண்மீனின் வாயுவை அந்தப் பொருள் இழுக்கிறது. வாயு நேராகப் போய் விழுவதில்லை, வட்டாகச் சுழன்றபடி உள்ளே இறங்குகிறது. வட்டின் உள்விளிம்பு ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடாகும்போது எக்ஸ் கதிர் கிளம்புகிறது. அந்த அடர்ந்த பொருள் நியூட்ரான் விண்மீனாகவும் (பெரிய விண்மீன் வெடித்த பின் மிஞ்சும் சுருங்கிய கரு) இருக்கலாம், கருந்துளையாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நியூட்ரான் விண்மீனுக்குத் தரை உண்டு, கருந்துளைக்குக் கிடையாது.

உங்களுக்குத் தேவை இணையமும் எக்செல் போன்ற ஒரு விரிதாளும்தான்.

படி 1: தரவை இறக்குங்கள்

ஜப்பானின் மேக்ஸி எக்ஸ் கதிர் கருவி 2009 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தபடி, சுமார் 92 நிமிடத்துக்கு ஒரு சுற்று வானத்தைப் பார்த்து வருகிறது. அதன் தரவை ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். அங்கே மேக்ஸி ஜே1820+070 என்ற எக்ஸ் கதிர் மூலத்தை, அதாவது மேலே சொன்னது போன்ற ஒரு ஜோடியை, தேடி, ஒரு நாளுக்கு ஓர் அளவு என்று இருக்கும் கோப்பை இறக்குங்கள்.

கோப்பின் முதல் பத்தி (நெடுவரிசை) நாள் எண். 58188 என்றால் 2018 மார்ச் 11, இந்த மூலம் மேக்ஸியின் கண்ணில் பட்ட நாள். இரண்டாவது பத்தி 2 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) வரையிலான மொத்த ஒளிர்வு. நான்காவது 2–4, ஆறாவது 4–10, எட்டாவது 10–20. இடையில் உள்ளவை பிழை அளவுகள்.

படி 2: கடினத்தன்மையைக் கணக்கிடுங்கள்

58188 முதல் 58450 வரை உள்ள வரிகளை மட்டும் எடுங்கள். பிழை பெரிதாக உள்ள வரிகளை நீக்கிவிடுங்கள். அப்புறம் விரிதாளின் எஃப் பத்தியை (4–10) டி பத்தியால் (2–4) வகுங்கள். இந்த விகிதம்தான் கடினத்தன்மை. அதை நாளுக்கு எதிராக வரைந்து பாருங்கள். மாதக்கணக்கில் மேலேயே இருந்த விகிதம் 2018 ஜூலை முதல் வாரத்தில், அதாவது 58305 வாக்கில், சரிந்து விழும். மொத்த ஒளிர்வோ அந்த நேரத்தில் குறைவதில்லை. முதல்முறை நானே வரைந்து இந்தச் சரிவைப் பார்த்தபோது வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை.

என்ன நடந்தது? அதுவரை உள்ளே இருந்த மிகச் சூடான, மெல்லிய வாயுவின் கதிர் ஓங்கி இருந்தது. இதைக் கடின நிலை என்பார்கள். பிறகு வட்டின் கதிர் ஓங்கியது, அது மென்நிலை. இதை வைத்து மட்டும் கருந்துளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்விலா எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீனும் இப்படி நிலை மாறும்.

படி 3: தரையின் தடயத்தைத் தேடுங்கள்

இரண்டு தடயங்கள் உண்டு. முதலாவது துடிப்பு. வலிமையான காந்தப்புலம் வாயுவைத் துருவங்களுக்குத் திருப்பிவிட, அந்த இடங்கள் சூடாகி, விண்மீன் சுழலச் சுழல விட்டுவிட்டு ஒளிரும். ஹெர்குலிஸ் எக்ஸ்-1 இப்படி 1.24 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது.

இரண்டாவது வெடிப்பு. விழுந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் தரையில் மணிக்கணக்கில் சேர்ந்து, திடீரென்று அணுக்கரு இணைவில் பற்றிக்கொள்ளும். ஒளிர்வு ஓரிரு விநாடியில் எகிறி, பத்து இருபது விநாடியில் தணியும். சூரியன் சில நாட்களில் வெளியிடும் ஆற்றல் அதற்குள் வெளியேறிவிடும். தரை இல்லாவிட்டால் எரிபொருள் எங்கே சேரும்? அதனால் துடிப்போ இந்த வகை வெடிப்போ ஒன்று தெளிவாகக் கிடைத்தாலே போதும், அது நியூட்ரான் விண்மீன்தான்.

இவற்றை நாள் அளவுத் தரவில் காண முடியாது. விநாடியை நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டில் அப்படி ஒரு கருவி இருக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது அது. அதன் தரவும் பொதுவில் கிடைக்கிறது.

படி 4: தடயம் இல்லையா? பொறுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வெடிப்பைக் காணோம் என்பதற்காகக் கருந்துளை என்று சொல்லக் கூடாது. சிர்சினஸ் எக்ஸ்-1 என்ற மூலம் கருந்துளையைப் போல வேகமாகத் தடுமாறி ஒளிர்ந்ததால், அதைக் கருந்துளையாக இருக்கலாம் என்றே நெடுநாள் நினைத்தார்கள். எக்ஸோசாட் செயற்கைக்கோளின் தரவில் வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டு, 1986-இல் அறிவிக்கப்பட்டதும் கேள்வி முடிந்தது: அங்கே இருப்பது நியூட்ரான் விண்மீன். எல்லா நியூட்ரான் விண்மீனும் எப்போதும் வெடித்துக்கொண்டே இருப்பதில்லை. தடயம் இல்லாத மூலத்துக்கு 'கருந்துளையாக இருக்கலாம்' என்பதற்கு மேல் பட்டம் கொடுக்காதீர்கள்.

படி 5: எடை போடுங்கள்

நியூட்ரான் விண்மீன் சூரியனைப் போல் 3 மடங்குக்கு மேல் நிறை தாங்காது. எனவே நிறைதான் கடைசித் தீர்ப்பு. எக்ஸ் கதிர் அடங்கிய பிறகு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கியால் துணை விண்மீனின் நிறமாலையைப் பார்த்து, அது முன்னும் பின்னும் ஓடும் வேகத்தை அளப்பார்கள். வட்டப் பாதைக்கு வாய்பாடு இது:

0.0000001036 × வேகம் × வேகம் × வேகம் × சுற்றுக்காலம்

வேகம் விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றும், சுற்றுக்காலம் எத்தனை நாள் என்றும் இருக்க வேண்டும். நம் மேக்ஸி ஜே1820+070-க்கு 418, 0.6855 என்று போட்டுப் பாருங்கள். 5.19 வரும், அதாவது சூரியனைப் போல் 5.19 மடங்கு. இது குறைந்தபட்ச நிறை மட்டுமே. பாதையின் சாய்வையும் துணை விண்மீனின் நிறையையும் சேர்த்தால் இன்னும் கூடும். குறைந்தபட்சமே 3-ஐத் தாண்டிவிட்டதால், சரி, இது கருந்துளை.

இதே கணக்கை வி404 சிக்னி என்ற இன்னொரு மூலத்துக்கும் போடுங்கள்: வேகம் 208, சுற்றுக்காலம் 6.47 நாள். விடை 6-ஐ ஒட்டி வர வேண்டும்.