டெல்டாவுல ஆராய்ச்சி பண்றீங்களா? கண்டுபிடிச்சதை ஊர்ல சொல்ற முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் தண்ணி, மண்ணு, உப்பு, அலையாத்திக் காடு, மீனுன்னு ஏதாவது ஒண்ணுல ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், தீசிஸ் முடிஞ்சிருச்சு, இதை ஊர்க்காரங்களுக்கு எப்படி புரிய வைக்கிறதுன்னு. நான் திருப்பிக் கேக்குறது இதுதான்: உங்க எதிர்ல உக்காந்திருக்கவரு இந்த வருஷம் என்ன முடிவு எடுக்கணும்? அந்த முடிவுக்கு உங்க வேலைலேருந்து எது உதவும்? இது ரெண்டுக்கும் பதில் எழுதிட்டு அப்புறம் பவர்பாயிண்ட்ட தொறங்க.

உப்புத்தண்ணிய எடுத்துக்குவோம். "கடலோர வட்டாரங்களில் நிலத்தடி நீரின் மின்கடத்துத்திறன் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் கணிசமாக உயர்ந்து காணப்பட்டது" இப்படி ஒரு வாக்கியம் தீசிஸ்ல இருக்கும், தப்பே இல்ல. ஆனா கீழையூர் பக்கம் ஆறு மா (ரெண்டு ஏக்கர்) குத்தகைக்கு எடுத்து குறுவை போட நினைக்கிறவருக்கு இதுல பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. அவரு நிலைமை என்னன்னா, மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 தொறந்தாலும் தண்ணி கல்லணை தாண்டி கடைமடைக்கு, அதாவது வாய்க்கா முடியுற கடைசி வயலுக்கு, வந்து சேர இன்னும் நாளாகும், அதனால முன்கூட்டியே போர் தண்ணியில நாத்தங்கால் விட்டாகணும், அவரு மனசுல ஓடுறது "இந்தத் தண்ணியில நாத்து விடலாமா கூடாதா" அவ்வளவுதான். உங்ககிட்ட அதுக்கு பதில் இருக்கு. நெல்லு முளைக்கிறப்ப உப்பை ஓரளவு தாங்கும், இளம் நாத்துலயும் பூக்குற சமயத்துலயும்தான் தாங்காது. மண்ணோட ஈசி (அந்த மின்கடத்துத்திறன்தான், உப்பு கூடினா இதுவும் கூடும்) மீட்டருக்கு 3 டெசிசைமன் தாண்டினா விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு 1க்கும் சுமார் 12 சதவீதம் போகும்னு நாள்பட்ட ஒரு கணக்கு இருக்கு. அதாவது மண்ணுல 5 இருந்தா, ஏக்கருக்கு 30 மூட்டை காணுற வயல்ல 23 மூட்டைதான் நிக்கும். இப்படிச் சொன்னா அவரு நிமிர்ந்து உக்காருவாரு. (இது மண்ணுக்கான கணக்கு, போர் தண்ணிய அளந்த நம்பரை அப்படியே இதுல போட்டுறாதீங்க, அதையும் அவர்கிட்ட சொல்லிருங்க.)

முடிஞ்சா ஈசி மீட்டரை கையில எடுத்துட்டு போங்க. மோட்டார் கொட்டாயிலயே ரெண்டு டம்ளர் வச்சு ஒண்ணுல வாய்க்கா தண்ணி, ஒண்ணுல போர் தண்ணி, மீட்டரை நீங்க முக்காதீங்க, அவங்க கையில குடுத்து முக்க சொல்லுங்க. முதல் டம்ளர்ல நம்பர் கீழ நிக்கும், ரெண்டாவதுல மடமடன்னு ஏறும், அத பாத்ததும் பக்கத்து போர்க்காரரு "எங்க தண்ணியும் கொண்டாரேன் பாருங்க"ன்னு பாட்டிலோட வந்து நிப்பாரு. அங்கேருந்து பேச்சு தானா நடக்கும், நீங்க கேக்குற கேள்விய விட அவங்க கேக்குற கேள்வி அதிகமா இருக்கும்.

அளவை மாத்துறது சின்ன வேலைதான், ஆனா செய்யாம விட்டா மொத்தமும் வீண். ஹெக்டேர்ல பேசாதீங்க, 1 ஹெக்டேர்னா 2.47 ஏக்கர், மூணு மா ஒரு ஏக்கர், இத வச்சு மா கணக்குல குடுங்க. டன் வேணாம், மூட்டைல சொல்லுங்க. சதவீதம் புரியாதோன்னு பயப்படாதீங்க, கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதத்துக்கு வருஷா வருஷம் போராடுறவங்களுக்கு சதவீதம் நல்லாவே தெரியும். டிஎம்சி, கன அடி எல்லாம் இங்க டீக்கடை பேச்சு, ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடினா அது 1 டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடின்னு உங்க கணக்கை அதோட கோர்த்து சொன்னீங்கன்னா ஆத்துல எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு நிலத்துக்குள்ள இறங்குச்சுங்கிறத அவங்களே வாதம் பண்ணுவாங்க.

இப்ப முக்கியமான ஒண்ணு. வயல்ல தண்ணி தேங்கி நின்னா மண்ணுல காத்து போகாது, காத்து இல்லாத எடத்துல வாழுற நுண்ணுயிர் மீத்தேன் உண்டாக்கும், அறிவியல்படி இது சரி. ஆனா மன்னார்குடி பக்கம் போயி எடுத்த எடுப்புல "உங்க வயல்லேருந்து மீத்தேன் வருது"ன்னு ஆரம்பிச்சா உங்கள யாரு அனுப்புனதுன்னுதான் முதல் கேள்வி வரும். இங்க மீத்தேன்னா 2010ல ஒப்பந்தம் போட்ட நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம், அதுக்கு எதிரா வருஷக்கணக்கா நடந்த போராட்டம், இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர்ல சாகுற வரைக்கும் ஊரு ஊரா நடந்து பேசினது, 2017ல கதிராமங்கலத்துல எண்ணெய்க் குழாய் கசிஞ்சு வெடிச்ச போராட்டம், 2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், இத்தனையும் சேர்ந்துதான் காதுல விழும். இந்தக் கதையெல்லாம் தெரிஞ்சுட்டு போறது மரியாதை. அந்தத் திட்டத்துக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, எனக்கு பணம் குடுக்குறது இன்னாருன்னு முதல்லயே சொல்லிருங்க, மறைச்சு வச்சு பின்னாடி தெரிஞ்சா அந்த ஊருக்கு அடுத்து வர்ற ஆராய்ச்சிக்காரனுக்கும் சேத்து கதவு சாத்திரும்.

அப்புறம் மீத்தேனைக் குறைக்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறைலேருந்து (தண்ணிய வத்த விட்டு திரும்ப பாய்ச்சுறது) பேசுங்க. ஒரு அடி நீள பிவிசி பைப்பு, கீழ்ப்பாதியில சுத்தி ஓட்டை, வயல்ல பதிச்சு உள்ள இருக்க மண்ணை எடுத்துட்டா தண்ணி எங்க நிக்குதுன்னு குனிஞ்சு பாத்தா தெரியும், மண் மட்டத்துக்கு கீழ 15 சென்டிமீட்டர் இறங்குற வரைக்கும் விடலாம், பூக்குற சமயத்துல மட்டும் காய விடக்கூடாது. இதனால கரண்ட் காசு மிச்சம்னு சொல்லாதீங்க, இங்க விவசாய கரண்ட் ஃப்ரீ. டீசல் இன்ஜின் வச்சிருக்கவருக்கு எண்ணெய் மிச்சம், மத்தவங்களுக்கு போர்ல தண்ணி கோடை வரைக்கும் நிக்கும், அத சொல்லுங்க. கடைமடைக்காரரு மட்டும் முகத்தை சுளிப்பாரு, ஏன்னா முறை வச்சு விடுற வாய்க்கா தண்ணி திரும்ப எப்ப வரும்னு அவருக்கு தெரியாது, கையில இருக்க தண்ணிய வடிய விடுன்னா எப்படி விடுவாரு. அந்த பயம் நியாயம். போர் இருக்கவங்களுக்கு ஒண்ணு, வாய்க்காலையே நம்பி இருக்கவங்களுக்கு வேறன்னு பிரிச்சு பேசுங்க, உங்க ஆய்வு ரெண்டாவது ஆளுக்கு பதில் சொல்லலைன்னா சொல்லலைன்னு ஒத்துக்குங்க.

எப்ப போறதுங்கிறதும் பாதி வேலை. நடவு, அறுப்பு நேரத்துல கூட்டம் போட்டா நாலு பேரு வருவாங்க, அதுவும் உங்களுக்காக பாவம் பாத்து. சம்பா அறுப்பு முடிஞ்சு மேட்டூர் தொறக்குற வரைக்கும் இருக்க மாசங்கதான் தோது. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்கு கிராம சபை நடக்குது, தண்ணி பத்தின ஆய்வுக்கு அத விட நல்ல மேடை கிடையாது, ஊராட்சி ஆபீஸ்ல முன்னாடியே பேசி பத்து நிமிஷம் வாங்குங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாசா மாசம் நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு போயி முதல்ல பேசாம உக்காந்து கேளுங்க. மீனவங்க கிட்டன்னா ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கரையில நிக்கும், வலை பின்னிக்கிட்டு இருப்பாங்க, அப்ப போங்க, ஊர் பஞ்சாயத்தாருகிட்ட சொல்லிட்டு போங்க.

நடவு ஆளுங்களா வர்ற அக்காமாரை விட்டுறாதீங்க. எந்த வயல்ல கோடையில உப்பு பூக்கும், எந்த வயல்ல நாத்து கருகும்னு பட்டாதாரரை விட அவங்களுக்கு தெரியும். கூட்டத்துக்கு வர மாட்டாங்க, மத்தியானம் சாப்பாட்டு தூக்கை தொறக்குற நேரத்துல வரப்புக்கு நீங்கதான் போகணும்.

மேப் காட்டுறீங்கன்னா கலர் கலரா சாட்டிலைட் படத்தை அப்படியே போடாதீங்க. இங்க எடத்தை வாய்க்கால் வழியாத்தான் சொல்வாங்க, தலைமடைலேருந்து கடைமடை வரைக்கும். அதே மாதிரி ஆறு, வாய்க்கா, மதகு, கோயில் பேரு போட்டு வரைஞ்சு காட்டுங்க. ஒரு ஊரை சிவப்பா அடிச்சு பொதுவுல போடுறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல காட்டி பேசிருங்க, நாளைக்கு நிலத்தை விக்கப் போனா அந்த சிவப்புதான் வந்து நிக்கும். தனி ஆளு போர் நம்பரை எங்கயும் போடாதீங்க.

உறுதியில்லாததை எப்படி சொல்றதுன்னு நிறைய பேரு திணறுறாங்க. நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற வெள்ளம்னு சொன்னா, போன தடவ வந்துருச்சு இனிமே பேரன் காலத்துலதான்னு நினைச்சுக்குவாங்க. உண்மையில அது வருஷா வருஷம் நூத்துல ஒரு வாய்ப்பு, 30 வருஷம் ஒரே வீட்டுல இருந்தா கிட்டத்தட்ட நாலுல ஒரு வாய்ப்பு. வீடு கட்டுறவருக்கு இந்த ரெண்டாவது நம்பர்தான் வேணும். கடல்மட்டமும் அப்படித்தான், 2006லேருந்து 2018 வரைக்கும் உலக சராசரி வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் ஏறிச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் தோணாது. வேதாரண்யம் பக்கம்னா 2018 நவம்பர் 16 கஜா புயல் அன்னைக்கு தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, சுவத்தை தொட்டு காட்டுவாங்க, அந்த கோட்டுலேருந்து உங்க கணக்கை ஆரம்பிங்க.

பத்திரிக்கைக்காரங்க கேட்டா பக்கம் பக்கமா பேசாதீங்க, மூணு வரி எழுதி கையில குடுங்க, அதுல ஒரு வரி "இந்த ஆய்வு எதைச் சொல்லல"ன்னு இருக்கணும். இல்லைன்னா டெல்டா மூழ்கப் போகுதுன்னு தலைப்பு வரும், அதுக்கு ஊர்ல பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

கடைசியா, சாம்பிள் எடுத்த வீட்டுக்கு திரும்பப் போங்க. இந்த ஒண்ணுக்காக நான் யார்கிட்டயும் சண்டை போடுவேன். தண்ணி அள்ளிட்டு போனவங்க வரவே இல்லைங்கிற பேச்சு இங்க ஊருக்கு ஊரு இருக்கு. பேப்பர் வெளியாகுற வரைக்கும் காத்திருக்க வேணாம், உங்க கைடுகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. ஒரே ஒரு தாளு போதும், பெரிய எழுத்துல உங்க போர் தண்ணி எந்த மாசம் எவ்வளவு இருந்துச்சு, நாத்துக்கு ஆகுமா, எந்த பருவத்துல கவனமா இருக்கணும், சந்தேகம்னா யாருக்கு போன் போடணும், இதை எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு குடுங்க, மோட்டார் கொட்டாய் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிக்குவாங்க. படிக்கத் தெரியாதவரா இருந்தா அதையே ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜா வாட்ஸப்ல பேசி அனுப்புங்க, அவரு பேரையும் வயல் இருக்க எடத்தையும் சொல்லி.